போர்வையின் பின்பக்கம்

பிப்ரவரி 6

வாயாடிக்கு,

நான் பின்னிக் கொடுத்த போர்வையில் உங்கள் வீட்டில் யாரோ கத்தரிக்கோல் வைத்திருக்கிறார்கள். அது பெரிய தவறு. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிப்பது என்று உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன்.

இனி நலம். பெரியம்மா நன்றாக இருக்கிறாள். தெருமுனையில், வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் காப்பகத்துக்குக் காலையில் சமையல் உதவிக்குப் போகிறாள். வீட்டில் என்னைச் சமாளிப்பதைவிட அத்தனை பிள்ளைகளைச் சமாளிப்பது சுலபமாம். எனக்கு முதுகு அப்படியேதான். காது இன்னும் மோசம். போனில் நீ பேசினால் பாதி கேட்கிறது, மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்கிறேன், பிறகு அதற்கும் உன்மேல் கோபப்படுகிறேன். ஆகவே கடிதமே மேல். மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை எப்படிப் போகிறது? பொடியன் குப்புற விழுகிறானா?

நீ அனுப்பிய புகைப்படம் வந்தது. பெரியம்மா பொடியனின் முகத்தைப் பார்த்தாள். நான் அவனுக்குப் பின்னால் கொடியில் தொங்கியதைப் பார்த்தேன். மெல்லிய செம்புக் கம்பிக்கு வைத்திருக்கும் லென்ஸை வைத்தும் பார்த்தேன். போர்வையின் நடுவில் ஓட்டை. கிழிந்திருந்தால் ஓரம் இழுபட்டுப் பல்லிளிக்கும். இது நேராக இருக்கிறது. வெட்டியது.

அது எப்படி உருவான போர்வை என்று உனக்குச் சொல்ல வேண்டும். மோட்டார் காயில் கட்டும் கடையை மூடிய பிறகு நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியும். நூலகத்தில் மோட்டார் புத்தகம் தேடப் போனவன் பின்னல் புத்தகத்தோடு திரும்பினேன். கற்றுக்கொடுங்கள் என்று யாரிடமும் போய் நிற்கவில்லை. முதல் அத்தியாயத்துக்கு ‘தொடங்கும் முன்’ என்று பெயர். தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டவனுக்கு அது எதற்கு? தாண்டிவிட்டேன். ஆயுள் முழுக்கக் கம்பி சுற்றிய கைக்குக் கம்பளி நூல் ஒரு பொருட்டா?

சதுரங்களைத் தனித்தனியாகப் பின்னி, பிறகு தைத்து ஒட்டுவது ஒரு வழி. நான் செய்தது அதுவல்ல. ஒரு சதுரம் முடிந்ததும் அதன் விளிம்பிலிருந்தே கண்ணிகளை ஊசியில் எடுத்து அடுத்த சதுரத்தைத் தொடங்க வேண்டும். நடுவில் கண்ணிகளைச் சேர்த்துச் சேர்த்துக் குறைத்துக்கொண்டு போனால் மூலை தானாக மடங்கும். கடைசியில் ஒரே கண்ணி மிஞ்சும். அதன் விளிம்பிலிருந்து இன்னொன்று. ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிறது. நடுவில் இருப்பதை உருவினால் அதன்மேல் வளர்ந்ததெல்லாம் ஆடிப்போகும். நீங்கள் வெட்டியது நடுவில்.

எனக்குக் காரணம் வேண்டும். மன்னிப்பைப் பிறகு பார்ப்போம்.

பொடியனின் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளவும். உன் கன்னத்தை வலிக்கும்படி.

பெரியப்பா


பிப்ரவரி 17

அன்புள்ள பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்,

இங்கே மூவரும் சுகமாக இருக்கிறோம். பெரியப்பாவின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா பெரியம்மா? கேட்டால் வேண்டாம் என்பார். கேட்காமல் கொடுங்கள்.

பொடியன் குப்புற விழுகிறான். விழுந்ததும், என்னை யார் இப்படிப் போட்டது என்று வீட்டையே முறைக்கிறான். உங்கள் ஜாடை என்று அவர் சொல்கிறார். இரண்டு கால்களையும் நன்றாக உதைக்கிறான்.

போர்வை விஷயம். சலவை இயந்திரத்தில் போட்டேன், எதிலோ மாட்டிக்கொண்டது. எடுப்பதற்கு வேறு வழி இல்லாமல் கொஞ்சம் வெட்ட வேண்டியதாயிற்று. கையால் துவைத்திருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான் பெரியப்பா. மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். கண்ணாடிக் கடையில் இப்போது கூட்டம் அதிகம். ஒருவர் போன வாரம் வந்து, கண்ணாடி போட்டதிலிருந்து மனைவி சரியாகத் தெரிகிறாள், பழையதையே கொடுங்கள் என்றார். பெரியம்மாவுக்குச் சொல்லுங்கள், சிரிப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாயாடி


பிப்ரவரி 26

வாயாடிக்கு,

இருவரும் சுகம். பெரியம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

சலவை இயந்திரம் இழுக்கும், முறுக்கும், கிழிக்கும். சதுரமாக வெட்டாது. எத்தனை சலவை இயந்திரங்களின் மோட்டாரைக் கழற்றிக் கட்டியிருப்பேன், என்னிடமே இந்தக் கதையா? பள்ளிக்கூடம் போகும்போதும் உனக்குப் பொய் சொல்ல வராது. எழுத்தில் இன்னும் மோசமாக வருகிறது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்குக் கைவேலை என்றால் இளக்காரம். ஆம்பிளை பின்னிய போர்வை என்று சிரித்திருப்பார். வேறு எதற்கோ துணி வேண்டியிருந்தது, வெட்டிவிட்டார். நீ மூடி மறைக்கிறாய். உன் அப்பனுக்கும் இதை எழுதிவிட்டேன். உன் அத்தைக்கும். பெரியவர்கள் கொடுத்ததை மதிக்காத பெண்ணாக நீ ஆகிவிட்டாய் என்று இருவருக்கும் தெரிய வேண்டும். அத்தை உடனே பதில் போட்டாள், அவளுக்கு இதெல்லாம் விருந்து. உன் அப்பன் வாயைத் தைத்துக்கொண்டு இருக்கிறான். என் தம்பியா இவன் என்று இருக்கிறது.

இருந்தாலும் நான் பெரிய மனுஷன். பொடியனுக்கு இரண்டாவது போர்வை பாதிக்குமேல் வளர்ந்துவிட்டது. முதலாவதைவிட அகலம், நிறங்களும் கூடுதல். பின்பக்கத்தைப் பற்றிப் புத்தகம் நிறைய அலட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு சதுரத்தின் நூல் நுனியையும் ஊசியில் கோத்து உள்ளே ஓட்டி மறைக்க வேண்டுமாம். முடிச்சுப் போடத் தெரியாதவர்களுக்கு அது. நான் பக்கத்துப் பக்கத்து நுனிகளை இழுத்துக் கட்டி, அவிழாமல் இருக்க நாலு விரற்கடை நீளமும் விட்டுவிடுகிறேன். என் முடிச்சு இதுவரை அவிழ்ந்ததில்லை.

அடுத்த மாதம் அனுப்புகிறேன். கத்தரிக்கோலை ஒளித்து வை.

பொடியனுக்கு முத்தம். உனக்கு இந்தத் தடவை இல்லை.

பெரியப்பா


மார்ச் 20

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. பொடியனுக்குச் சளி, பிறகு எனக்கு, பிறகு அவருக்கு. இப்போது யாருக்கும் ஒன்றுமில்லை. பெரியம்மாவின் மூட்டு எப்படி இருக்கிறது?

பெரியப்பா, இரண்டாவது போர்வையை அனுப்பாதீர்கள். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அவனுக்குப் போர்த்தினாலே வியர்க்கிறது, உதைத்துத் தள்ளிவிடுகிறான். நூலும் உழைப்பும் வீண். வேண்டுமானால் உங்களுக்கென்று ஒரு நாற்காலி விரிப்பாகப் பின்னிக்கொள்ளுங்களேன், முதுகுக்கு இதமாக இருக்கும்.

அவரைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் அவரிடம் காட்டவில்லை. அவர் சிரிக்கவில்லை பெரியப்பா. அந்தப் போர்வை வந்த அன்று, ஒன்றிலிருந்து ஒன்று எப்படி முளைக்கிறது என்று தரையில் விரித்து விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஒன்றும் சொல்லாதீர்கள்.

என்னைச் சொல்லுங்கள். எனக்கு அது தகும்.

உங்கள்
வாயாடி


மார்ச் 29

நலமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருங்கள்.

அனுப்பாதீர்கள் என்று எழுதிவிட்டாய். நல்லது. வெயில் என்கிறாய். வெயில் எங்களுக்கும்தான் அடிக்கிறது. வேண்டாதவன் வீட்டு விருந்துக்கு வயிற்றுவலி என்று சொல்வார்களே, அது எனக்குத் தெரியாதா?

உன் வீட்டில் கிடைக்காத மரியாதை எனக்கு வெளியே கிடைக்கிறது. காப்பகத்துக்கு மூன்று சின்னப் போர்வைகள் பின்னிக் கொடுத்தேன், தொட்டில் பிள்ளைகளுக்கு. காப்பகத் தலைவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “இன்னும் ஒரு டஜன் கெடைச்சாலும் வேணும் ஐயா” என்றார். ஒரு டஜன் பின்னுவேன். உனக்காக வைத்திருந்ததையும் பிரித்து அதில் சேர்த்துவிடுவேன்.

இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை. நீயும் எழுத வேண்டாம்.

பெரியப்பா


ஏப்ரல் 2

பெரியப்பா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதத்தான் வேண்டும். இதைப் படிப்பதற்கு முன் உட்கார்ந்துகொள்ளுங்கள். பெரியம்மா பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. படித்ததும் பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். காப்பகத்துக்கு ஓடிப்போய் மூன்று போர்வைகளையும் வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை, துவைக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னேன். காரணத்தை உங்களிடம் நானே சொல்ல வேண்டும்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொடியன் தூங்கி எழுந்ததிலிருந்து அழுதான். வயிற்றுவலி என்று நினைத்தேன். வயிற்றைத் தடவினேன், தோளில் போட்டு நடந்தேன். அழ அழ உங்கள் போர்வையிலேயே இன்னும் இறுக்கிச் சுற்றினேன். அது அவனுக்குப் பிடிக்கும், அதனால். அவர் வேலையிலிருந்து வந்து, “முதல்ல அவனக் கீழ விடு. போர்வைய எடு” என்றார்.

“வர மாட்டேங்குது.”

“வர மாட்டேங்குதுன்னா?”

“காலோட வருதுங்க.”

பின்பக்கத்து நூல் நுனி ஒன்று அவன் இரண்டாவது கால்விரலைச் சுற்றியிருந்தது பெரியப்பா. அவன் உதைக்க உதைக்க இறுகியிருக்கிறது. நூலே கண்ணுக்குத் தெரியவில்லை, சதைக்குள் போய்விட்டது. விரல் நாவல்பழ நிறம். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. நீங்கள் சொன்னது சரி, உங்கள் முடிச்சு அவிழாது. அவர் அந்தச் சதுரத்தைச் சுற்றி வெட்டினார். துண்டு காலில் தொங்க அப்படியே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதுதான் நீங்கள் லென்ஸில் பார்த்த ஓட்டை.

விரல் தப்பியது. நகம் விழுந்து மறுபடி வளர்கிறது. சுற்றிலும் ஒரு கோடு இருக்கிறது. அது போகாது என்று டாக்டர் சொன்னார். ராத்திரிவரை விட்டிருந்தால் விரல் இருந்திருக்காதாம்.

அப்பாவுக்குத் தெரியும். அன்று சாயங்காலமே வந்துவிட்டார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அதனால்தான் அவர் உங்களுக்குப் பதில் போடவில்லை.

ஏன் மறைத்தேன்? கடையை மூடிய பிறகு நீங்கள் இருந்த இருப்பை நான் பார்த்திருக்கிறேன். ஊசியை எடுத்த பிறகுதான் மறுபடி சண்டை போட ஆரம்பித்தீர்கள். இதைச் சொன்னால் ஊசியைக் கீழே போட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன்.

இன்னும் இரண்டு இருக்கிறது. எழுதவே கூசுகிறது. போர்வை வந்த அன்றே அவர் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, “இந்த நூலெல்லாம் வெட்டிடலாமா?” என்று கேட்டார். “ஐயோ, பெரியப்பா வேலையிலயா கை வைக்கிறது? தெரிஞ்சா வெடிச்சிடுவாரு” என்று நான்தான் சிரித்துக்கொண்டே தடுத்தேன். இன்னொன்று, மருத்துவமனையில் நர்ஸ் அந்தத் துண்டைக் காட்டி, “யார் பின்னினது இது?” என்று கேட்டார். கடையில் வாங்கியது என்றேன். உங்களைத் தெரியாதவள்போல.

ஊசியைக் கீழே போடாதீர்கள். ஆனால் அந்த மூன்றும் திரும்பி வர வேண்டும்.

உங்கள் மகள்


ஏப்ரல் 9

செல்லத்துக்குப் பெரியம்மா எழுதுவது.

உடம்பெல்லாம் சரிதானே? பொடியன் காலுக்கு என் முத்தம். அந்த விரலுக்குத் தனியாக ஒன்று.

நீ போன் பண்ணின உடனே காப்பகத்துக்குப் போனேன். துவைக்கணும் என்றால் அந்தத் தலைவி நம்பவில்லை. “நேத்துதானே துவைச்சோம்? ஐயாவுக்குக் குடுக்க மனசு வரலியா?” என்று சிரித்தாள். இரண்டைத் தந்தாள். மூன்றாவது இல்லை. தொட்டிலில் இருந்த ஒரு பெண் குழந்தையின் அம்மாவுக்கு வேறு பக்கம் வீடு மாறிப் போகும்போது கொடுத்தனுப்பிவிட்டாளாம். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை என்பதைத் தவிர விலாசம் தெரியாதாம்.

உன் கடிதம் வந்தது. என்னைப் பக்கத்தில் உட்கார வைக்கச் சொன்னாய், அவர் எங்கே கேட்டார்? நின்றுகொண்டே படித்தார். இரண்டாவது தடவை உட்கார்ந்து படித்தார். பிறகு உனக்காகப் பின்னிக்கொண்டிருந்ததைத் திருப்பிப் போட்டு, ஒரு நுனியை எடுத்துத் தன் சுண்டுவிரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார். “விடுங்க, ரத்தம் கட்டிக்கும்” என்றேன். விடவில்லை. நானே போய்ப் பிடுங்கினேன்.

“மோட்டார்ல கம்பி நுனி ஒண்ணு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா கடைப் பையனைத் திட்டுவேனே, ஆளைக் கொன்னுடும்னு. உனக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார். இருக்கு என்றேன். “இது கம்பளிதானேன்னு இருந்துட்டேன்” என்றார்.

என்னிடம்கூட மறைத்துவிட்டாயே என்று எனக்கும் வருத்தம்தான். பிறகு யோசித்தேன். என்னிடம் சொல்லியிருந்தால் நானும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டேன். இந்த வீட்டில் எல்லாரும் அவருக்குப் பயந்துதானே நல்லவர்களாக இருக்கிறோம்.

தினமும் தொழிற்சாலை வாசலில் போய் நிற்கிறார். முகம் தெரியாத ஒருத்தியை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று தெரியவில்லை.

பெரியம்மா


மே 2

வாயாடிக்கு,

நலமாக இருக்கிறாயா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று யோசித்ததில் இத்தனை நாள் போய்விட்டது. இருக்கிறதோ இல்லையோ, கேட்கிறேன். அவன் கால் எப்படி இருக்கிறது? பெரியம்மா சுகம்.

மூன்றாவது போர்வை கிடைத்தது. அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

தொழிற்சாலை வாசலில் வேலை முடிந்து வெளியே வருகிற பெண்களிடமெல்லாம், சின்னக் குழந்தை இருக்கிறதா, காப்பகத்தில் விட்டிருந்தீர்களா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். காவலாளி இரண்டு தடவை என்னை விரட்டினான். மூன்றாம் தடவை அவனிடம் காரணத்தைச் சொன்னேன். முன்பின் தெரியாதவனிடம் அதைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அவன்தான் அந்தப் பெண்ணைக் காட்டினான். மெலிந்தவள், கையெல்லாம் மாவு. போர்வையைத் திருப்பிக் கேட்டேன்.

“பாப்பா அது இல்லாம தூங்காது. குடுத்துட்டுத் திருப்பிக் கேக்குறீங்களே, வெக்கமா இல்ல உங்களுக்கு?”

“இருக்கும்மா. அதனாலதான் வந்தேன்.”

அவளுக்குப் புரியவில்லை. அவள் வீட்டுக்கு நடக்கும்போதே சொன்னேன். காது கேட்காதவன் சத்தமாகத்தான் பேசுவான்; தெருவே திரும்பிப் பார்த்தது. என் பேரனின் கால்விரல் என்று சொன்னதும் அவள் என்னை விட்டுவிட்டு ஓடினாள். பின்னாலேயே நான் போய்ச் சேரும்போது போர்வையை உருவித் தரையில் எறிந்திருந்தாள். குழந்தை அதைக் கேட்டு வீறிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து அறைக் கிழவி, “யாருடி இந்த ஆளு?” என்றாள். “போர்வை பின்னின ஆளு” என்றாள் இவள். என் தொழிலை யாரும் அப்படி ஒரு குரலில் சொன்னதில்லை.

எடுத்துக்கொண்டு போகத்தான் போனேன். குழந்தை விடவில்லை. ஊசி கொண்டுபோயிருந்தேன். அவர்கள் வாசல்படியில் உட்கார்ந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி, நுனிகளைக் கோத்து, போன வழியே திரும்பியும் ஓட்டி உள்ளே மறைத்தேன். அவள் என் தலைக்குமேல் குனிந்து நின்றுகொண்டு நான் முடித்த இடத்தையெல்லாம் நகத்தால் கிளறிப் பார்த்தாள்.

“இங்க ஒண்ண விட்டுட்டீங்க.”

விட்டிருந்தேன். அவ்வளவுக்குப் பிறகும் ஒன்றை விட்டிருந்தேன்.

கிளம்பும்போது, “வேற யாருக்காவது குடுத்திருக்கீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “குடுத்துடாதீங்க” என்றாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூட கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னால் குடித்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தில் நான் தாண்டிப்போன அத்தியாயத்தைப் படித்தேன். குழந்தைகளுக்குப் பின்னுகிறவர்கள் பின்பக்கத்தில் நூலைத் தொங்கவிடக் கூடாது, கைவிரல் கால்விரல் மாட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பக்கமே புத்தம்புதிதாக இருக்கிறது.

ஆனால் வாயாடி, நூலைவிட என்னைக் குடைவது வேறு. மாப்பிள்ளை பார்த்துவிட்டார். வெட்டலாமா என்று கேட்டும்விட்டார். ஒரு கத்தரிக்கோல் போதும், முடிந்திருக்கும். என் கோபம் குறுக்கே நின்றது. அதுவும் எங்கே? நான் இல்லாத வீட்டில், நான் இல்லாத நேரத்தில். நான் மாப்பிள்ளையைப் பற்றி என்னவெல்லாம் எழுதினேன்! அவர் உன் பிள்ளையின் விரலைக் காப்பாற்றியதற்கு நான் காரணம் கேட்டேன், முதலில் அதைச் சொல், மன்னிப்பைப் பிறகு பார்ப்போம் என்று.

என்னை மன்னித்துவிட்டதாக எழுதாதே. எழுதினால் உனக்குப் பொய் சொல்ல வராது என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.

பெரியப்பா


மே 14

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் கண்ணாடிக் கடைப் பின்னறையில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி, கண்ணில் ஏதாவது விழுந்துவிட்டதா என்றார். ஆமாம் என்றேன். பாருங்கள், மறுபடியும் பொய்.

பொடியன் உட்காருகிறான். தன் கால்விரலைத் தானே பிடித்து வாயில் வைத்துக்கொள்கிறான். எந்த விரல் என்ற வித்தியாசமெல்லாம் அவனுக்கு இல்லை. பெரியம்மாவின் மூட்டு வலியைப் பற்றி நீங்கள் இரண்டு கடிதமாக எழுதவில்லை.

மன்னித்ததாக எழுதக் கூடாது என்றீர்கள். எழுதவில்லை. மறந்துவிடலாம் என்று மட்டும் கேட்கிறேன். போர்வை கிடைத்துவிட்டது, விரலும் இருக்கிறது. அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவள் சொல்வது எனக்குப் பழகிவிட்டது.

அவரிடம் உங்கள் கடிதங்களைக் காட்டினேன், எல்லாவற்றையும். அவரைப் பற்றி எழுதியதையும் படித்தார். முகம் கொஞ்சம் மாறியது. பிறகு மடித்துக் கொடுத்துவிட்டு, “வயசானவரு, விடு” என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இன்னும் அவன் காலைப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பார்க்கிறார். நான் பார்க்காததுபோல இருந்துகொள்கிறேன்.

உங்கள்
வாயாடி


மே 23

வாயாடிக்கு,

இருவரும் நலம். பெரியம்மாவின் மூட்டு மாடிப்படி ஏறும்போது மட்டும் வலிக்கிறதாம். கேட்டு எழுதியிருக்கிறேன்.

வயசானவர், விடு என்று மாப்பிள்ளை சொன்னாரா? விடக் கூடாது. வயதானவர் என்று விட்டுத்தான் இவ்வளவும் வந்தது. மறந்துவிடலாம் என்கிறாய், அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. அழுது தீர்க்கிற விஷயமாக இருந்தால் என்றைக்கோ தீர்ந்திருக்கும். இது வேலை. யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். இதில் பேரம் இல்லை.

நான் செய்ய வேண்டியது: உன்னைப் பற்றி எழுதியது பொய் என்று உன் அப்பனுக்கும் அத்தைக்கும் எழுத வேண்டும். தம்பிக்கு எழுதிவிட்டேன். அத்தைக்கு இன்று எழுதுகிறேன். அவள் அதை ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டுவாள். காட்டட்டும், உன்னைப் பற்றி எழுதியதையும் அப்படித்தான் காட்டினாள்.

காப்பகத்திலிருந்து வந்த இரண்டு போர்வைகளையும் பிரித்துவிட்டேன். குழந்தைகளுக்கு இனி என் கையால் எதுவும் கிடையாது. பின்னுவதை நிறுத்த மாட்டேன், பயப்படாதே. வெட்கமாக இருக்கிறது என்பதற்காக ஊசியை வைத்துவிட்டால், வெட்கத்திலிருந்து தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தவன் ஆவேன். நாற்காலிகளுக்குப் பின்னுவேன். நாற்காலிக்கு விரல் இல்லை.

பெரியம்மா செய்ய வேண்டியது: நான் எதை முடித்தாலும் வீட்டைவிட்டு வெளியே போவதற்குமுன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, தப்பு இருந்தால் என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். நான் கத்தினாலும் சொல்ல வேண்டும். “கத்துவீங்கதானே?” என்று கேட்டாள். கத்துவேன் என்றேன். ஒப்புக்கொண்டாள்.

நீ செய்ய வேண்டியது: வெட்டிய போர்வையை இனிக் கொடியில் போடாதே, எனக்கு அனுப்பு. அதை ஒட்டுப்போட மாட்டேன். கடைசிச் சதுரத்தில் தொடங்கி, வளர்ந்த வழியே பின்னோக்கி, ஓட்டைவரை பிரிக்க வேண்டும். அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போகும்போது அந்த நர்ஸைத் தேடிப்பிடித்து, கடையில் வாங்கியதல்ல, என் பெரியப்பா பின்னியது என்று சொல். எந்தக் கடைக்காரனும் என் தப்பைச் சுமக்க வேண்டாம்.

இனி எனக்குப் பயந்து என்னிடம் எதையும் மறைக்காதே. அது முடியாவிட்டால், பயந்துகொண்டே சொல்.

மாப்பிள்ளை செய்ய வேண்டியது: விடு என்று மடித்துவைத்ததைப் பிரித்து எனக்கு எழுத வேண்டும், முழுவதையும், மரியாதை பார்க்காமல். எழுத வராது என்றால் நேரில் வந்து என் காதில் கத்தட்டும். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். என்னால் அது முடியுமா என்று சந்தேகம் இருப்பதால் பெரியம்மா என் பக்கத்தில் உட்காருவாள்.

பொடியனுக்கு இப்போது வேலை எதுவும் இல்லை. ஒருநாள் அந்தக் கோட்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்பான். பிறக்கும்போதே இருந்தது என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். என்னிடம் அனுப்புங்கள், நான் சொல்கிறேன். அதுவரை நான் இல்லாவிட்டால் மாப்பிள்ளை சொல்லட்டும். நீ சொல்லாதே. நீ சொன்னால் என்னை நல்லவனாக்கிவிடுவாய்.

பெரியப்பா